கொல்லிமலை 38ஆம் வளைவும் ஒரு 6 வோல்ட் காயிலும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னுடைய 1986ஆம் ஆண்டு புல்லட், காரவல்லி அடிவாரத்திலிருந்து கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஓரிடத்திலும் திணறாமல் ஏறியது. மேலே செம்மேட்டில் வண்டியை நிறுத்தியதும், தேநீர் குடிக்கப் போவதற்கு முன்பே, டேங்க்குக்கு அடியில் கையை விட்டு பிளக்கில் பொறி வர உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலின் மேல் விரலை வைத்து மனத்துக்குள் இருபது வரை எண்ணினேன். வெதுவெதுப்பாக இருந்தது, விரலை எடுக்கத் தோன்றவில்லை. ஏழு மாதங்களாக நான் தேடியது அந்த வெதுவெதுப்பைத்தான்.

அந்த ஏழு மாதங்களில் என்ன செய்தேன், எங்கே தவறினேன், எவ்வளவு செலவானது என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். சி.பி. பாயிண்ட் (காயிலின் மின்னோட்டத்தைத் துண்டித்துப் பொறியைப் பிறக்கவைக்கும் தொடுமுனைகள்) வைத்த பழைய புல்லட்டை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு, குறிப்பாக 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு யாரோ மாற்றிக் கொடுத்த வண்டியை வாங்கியவர்களுக்கு, இது பயன்படக்கூடும்.

வண்டி 350 சிசி ஸ்டாண்டர்டு. வார்ப்பிரும்பு சிலிண்டர், 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், வலக்காலில் நான்கு கியர், இடக்காலில் பிரேக். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்தில் உருவான இந்த வண்டியை 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டு முயற்சியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு தயாரிப்பு 1970இல் நின்றுபோன பிறகும் திருவொற்றியூரில் அதே இன்ஜினைப் பெரிய மாற்றமில்லாமல் பல பத்தாண்டுகள் செய்து வந்தார்கள். நான் இதை இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஈரோட்டில் ஒருவரிடமிருந்து 85,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஆலையிலிருந்து வந்தபோது 6 வோல்ட் வண்டி. ஸ்டேட்டர், ரெகுலேட்டர், பாட்டரி, ஹாரன், பல்புகள் என்று எல்லாவற்றையும் 12 வோல்ட்டுக்கு மாற்றியாகிவிட்டது என்று விற்றவர் சொன்னார். அவர் மனமறிந்து பொய் சொல்லவில்லை. ஒரு பட்டறையில் கொடுத்து மாற்றியவர், அங்கே சொன்னதை என்னிடம் சொன்னார். ‘எல்லாவற்றையும்’ என்ற அந்தச் சொல்லை நானும் சரிபார்க்கவில்லை.

ஊருக்குள் ஓட்டியவரை வண்டி குறை சொல்ல இடம் தரவில்லை. ஆடிப் பெருக்கன்று வல்வில் ஓரி விழாவுக்காக மலையேறியபோதுதான் முதல் முறை நின்றது. அன்று கூட்டம் அதிகம். மேலிருந்து இறங்கும் பேருந்துகளுக்கு வழிவிட்டு, முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமாக ஊர்ந்து ஏற வேண்டியிருந்தது. 38ஆம் வளைவின் பலகையைத் தாண்டும்போது சைலென்சரில் இரண்டு முறை வெடித்தது. பிறகு ஆக்சிலரேட்டரைத் திருகத் திருக இழுவை குறைந்து, இன்ஜின் அணைந்துவிட்டது. பிளக்கைக் கழற்றி, அதன் உடல் சிலிண்டர் ஹெட்டில் படும்படி வைத்துக் கிக்கரை மிதித்துப் பார்த்தேன். நீலமாக, ‘டிக்’ என்ற ஒலியோடு வர வேண்டிய பொறி, மெலிந்த மஞ்சள் கோடாக, அதுவும் இரண்டு மிதிக்கு ஒருமுறைதான் வந்தது. பெட்டியிலிருந்த புதிய பிளக்கை மாட்டினேன், அதே மஞ்சள்.

இந்த வேலை நடந்த கால் மணி நேரமும் சாவி ஆனிலேயே இருந்தது. பாயிண்ட் மூடிய நிலையில் இன்ஜின் நின்றிருந்தால், சாவி ஆனில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் காயில் சூடேறிக்கொண்டே இருக்கும் என்பது எனக்கு அன்று தெரியாது. முடியாது என்று சாவியை அணைத்துவிட்டு, சாலையோரக் கல்லில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் கழித்து எழுந்து மிதித்தபோது, முதல் மிதியிலேயே வண்டி ஓடத் தொடங்கியது. மேலே போகத் துணிவில்லாமல் அங்கிருந்தே திரும்பினேன்.

சூடானால் நின்று, ஆறினால் ஓடும் வண்டிக்குப் பலரும் சொல்லும் முதல் காரணம் டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைப்பு. 180 ரூபாய்க்குப் புதிய மூடி வாங்கினேன். அடுத்த வாரம் ராசிபுரம் போய்த் திரும்பும்போது வண்டி மீண்டும் நின்றது. அடுத்ததாக மிக்கார்ப் கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டுகளையும் மிதவையையும் பெட்ரோலில் கழுவி, 420 ரூபாய்க்கு ஒரு கிட் வாங்கிப் புதிய ஊசியும் வாஷர்களும் போட்டேன். ஏர் ஸ்க்ரூ எத்தனை சுற்று வெளியே இருந்தது என்று எண்ணாமல் கழற்றியதால், அதுவரை ஒழுங்காக இருந்த ஐட்லிங்கும் கெட்டது. அதைச் சரிசெய்ய இரண்டு மாலைகள் போயின. பொறி பலவீனமாக இருந்ததைக் கண்ணால் பார்த்த பிறகும் பெட்ரோல் பக்கம் போனது பெரிய தவறு. எனக்கு அப்போது தெரிந்த ஒரே வேலை கார்புரேட்டர் கழுவுவது. ஆகவே தெரிந்த வேலையைத் தேடிப் போயிருக்கிறேன்.

இதே கட்டத்தில் இன்னொரு பாடமும் கிடைத்தது. டேங்க்கைக் கழற்றும்போது ஒரு நட்டுக்கு 13 ஸ்பேனர் ஏறவில்லை. 14 ஏறியது, ஆனால் லேசாக ஆடியது. ஆடினாலும் பரவாயில்லை என்று பலம் கொடுத்ததில் நட்டின் முனைகள் மழுங்கிவிட்டன. அது பழைய பிரிட்டிஷ் அளவு முறையான விட்வொர்த் நட்டு. 1/4 விட்வொர்த் என்பது ஏறத்தாழ 13.3 மி.மீ., ஆகவே மெட்ரிக் ஸ்பேனர் எதுவும் அதில் சரியாக உட்காராது. மழுங்கியதை அரத்தால் ராவி, குறடால் பிடித்துக் கழற்றினேன். அதற்குப் பிறகுதான் 1,150 ரூபாய் கொடுத்து விட்வொர்த் ஸ்பேனர்கள் ஒரு செட் வாங்கினேன். பழைய புல்லட் வாங்குபவர்கள் ஹெல்மெட் வாங்கும் நாளிலேயே இந்தச் செட்டையும் வாங்கிவிட வேண்டும் என்பது என் கருத்து. இரண்டு ஆண்டுகள் கழித்து வாங்குவதற்குள் பாதி நட்டுகள் வட்டமாகிவிடும்.

மூன்றாவதாகத்தான் சி.பி. பாயிண்ட்டுக்கு வந்தேன். வலப்பக்க டைமிங் மூடியின் பின்மேல் மூலையில், இரண்டு சிறு திருகுகள் பிடித்திருக்கும் வட்ட மூடியைக் கழற்றினால் அது கண்ணெதிரே இருக்கும். ஒரு விரல்நக அளவுகூட இல்லாத இரண்டு உலோகப் பொட்டுகள். ஒன்று நிலையாக நிற்கும், மற்றொன்று கேம் தள்ளும்போது விலகி, விட்டதும் சேரும். விலகும் அந்தக் கணத்தில்தான் பிளக்கில் பொறி பிறக்கிறது. புதிய வண்டிகளில் இந்த வேலையை ஒரு மூடிய கறுப்புப் பெட்டி செய்கிறது. அது கெட்டால் மாற்றலாம், பார்க்க முடியாது. பாயிண்ட்டை உட்கார்ந்து பார்க்கலாம். கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திக்கொண்டே, அது திறப்பதையும் மூடுவதையும் முதல் நாள் நான் அரை மணி நேரமாவது பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். பழைய வண்டிக்காரர்கள் பாதி மெக்கானிக் ஆகிவிடுவதற்கு வறுமையோ பிடிவாதமோ மட்டும் காரணமில்லை; வண்டி தன் வேலையை மறைக்காமல் காட்டுகிறது என்பதும் ஒரு காரணம்.

என் வண்டியின் பாயிண்ட் மோசமாக எரிந்திருந்தது. ஒரு பொட்டில் ஊசிமுனை போல ஒரு மேடு, எதிர்ப்பொட்டில் அதே அளவில் ஒரு குழி, சுற்றிலும் நீலம் பாய்ந்த கறுப்பு. உப்புத்தாளை மடித்து நடுவே விட்டுத் தேய்த்தேன், அது தவறு. உப்புத்தாளின் துகள்கள் பொட்டில் ஒட்டிக்கொண்டு, மறுநாள் காலையில் வண்டி தொடங்கவே இல்லை. மெல்லிய அரத்தால் மேட்டை மட்டும் நீக்கி, பெட்ரோலில் நனைத்த விசிட்டிங் கார்டை இரண்டு பொட்டுகளுக்கும் நடுவே வைத்து, மூடவிட்டு, இழுத்து எடுக்க வேண்டும். கார்டில் கறுப்புக் கோடு விழாதவரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பிறகு பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும் இடத்தில் இன்ஜினை நிறுத்தி, இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ. வரைக்குள் வைக்க வேண்டும். ஃபீலர் கேஜின் 0.35 தகடு தடையில்லாமல் போய், 0.40 தகடு லேசாக உரசினால் சரி. 140 ரூபாய்க்கு வாங்கிய அந்த ஃபீலர் கேஜ் இன்றுவரை என்னை விட்டுப் பிரியவில்லை.

சுத்தம் செய்த பிறகு வண்டி அருமையாக ஓடியது, 600 கிலோமீட்டர் வரை. பிறகு அதே வெடிப்பு, அதே நிறுத்தம். திறந்து பார்த்தால் அதே மேடும் அதே குழியும். பாயிண்ட் எரிந்தால், பொட்டுகளுக்கு நடுவே தீப்பொறி பறப்பதை அடக்கும் கண்டன்சர் போய்விட்டது என்று பொருள் என்பது எல்லோரும் அறிந்த பாடம்; ஆகவே 90 ரூபாய்க்கு ஒரு கண்டன்சரும் 160 ரூபாய்க்கு ஒரு புதிய பாயிண்ட்டும் போட்டேன். 700 கிலோமீட்டரில் மறுபடியும் எரிந்தது. கடையில் கொடுத்தது போலிச் சரக்கு என்று முடிவு செய்து, வேலையாகச் சென்னை போனபோது ஜி.பி. ரோட்டில் இறங்கி, கடை கடையாகத் தேடி, இன்னும் இரண்டு கண்டன்சர்களும் ஒரு பாயிண்ட்டும் வாங்கிவந்தேன். முடிவு மாறவில்லை. இவ்வளவுக்கும் பொறுப்பானவை அந்தக் கண்டன்சர்கள் அல்ல. அவை மூன்றும் நன்றாகவே இருக்கின்றன, இப்போது உதிரியாக வைத்திருக்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு பட்டறையில் விட்டேன். 500 ரூபாய் வாங்கிக்கொண்டு, பாயிண்ட்டைத் தேய்த்துக் கொடுத்து, பழைய வண்டிக்கு ஒரு குணம் உண்டு, மலைக்கெல்லாம் கொண்டு போகாதீர்கள் என்றார்கள். இந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை, இப்போதும் ஏற்கவில்லை. வண்டிக்குக் கோபமும் ஊடலும் இருப்பதாகப் பேசுவது பாசத்தால் வருவதுதான், நானும் பேசியிருக்கிறேன். ஆனால் அப்படிப் பேசத் தொடங்கியதும் நாம் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். எங்கள் ஊரில் பழைய வண்டி வைத்திருக்கும் மூன்று நான்கு பேர் மாலையில் சந்திப்பதுண்டு. மைசூர் ஆலை 1996இல் மூடிய பிறகும் தன் யெஸ்டியை விடாமல் ஓட்டும் ஒருவர், சைலென்சரின் கரியைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து எடுப்பதில் கைதேர்ந்தவர். ஆர்.எக்ஸ். 100 வைத்திருக்கும் இன்னொருவர், ஆயில் பம்ப்பின் கேபிள் குறிகளைக் கண்ணை மூடிக்கொண்டு சரிசெய்வார். இவர்கள் யாரும் இதைத் தொழிலாகக் கற்றவர்கள் அல்லர். ஒருவர் பள்ளி ஆசிரியர், மற்றவர் கோழிப்பண்ணைக் கணக்கர். ஒவ்வொருவரையும் அவரவர் வண்டி எங்கே நிறுத்தியதோ, அந்த இடத்தில் அவர் தேர்ந்துவிட்டார். என் வண்டி என்னை மின்சாரத்தின் பக்கம் தள்ளியது.

நாமக்கல் லாரி ஊர். பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே லாரி ஒயரிங் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். இளம் வயதில் அம்பாசடர் கார்களுக்கும் பெட்ரோல் ஜீப்புகளுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் வேலை பார்த்தவர் என்று கேள்விப்பட்டு, தை மாதத்தில் அவரிடம் போனேன். அவர் பாயிண்ட் மூடியைத் திறக்கச் சொல்லவே இல்லை. சாவியைப் போடச் சொல்லி, கிக்கரை மெதுவாக அழுத்தச் சொன்னார். முன்விளக்கின் மேலே இருக்கும் சிறிய ஆம்ப் மீட்டரின் முள், பாயிண்ட் மூடியதும் கழித்தல் பக்கம் பாதிக்கு மேல் விழுந்தது. திறந்ததும் நடுவுக்குத் துள்ளி வந்தது.

“முள்ளப் பாருங்க தம்பி. ஒரு காயில் இத்தனை கரண்ட்டா திங்கும்? காயில் மேல கை வெச்சுப் பாத்திருக்கீங்களா?”

வைத்துப் பார்த்ததில்லை. இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு காலையிலும் அந்த முள்ளைப் பார்த்துத்தான் வண்டியைக் கிளப்பியிருக்கிறேன். சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக இறக்கி, முள் நடுவுக்கு வரும் இடத்தில் நிறுத்தி, சிலிண்டரின் அமுக்கத்தை விடுவிக்கும் டீகம்ப்ரசரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் சிறிது இறக்கிவிட்டு, அதை விட்டதும் முழு மிதி கொடுப்பதுதான் இந்த வண்டியின் முறை. முள் நடுவுக்கு வருவதை மட்டுமே நான் கவனித்திருந்தேன். அதற்கு முன் அது எவ்வளவு தூரம் விழுகிறது என்பதைக் கவனித்ததில்லை. அன்று இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டேங்க்குக்கு அடியில் கையை விட்டேன். விரலை ஒரு நொடிகூட வைக்க முடியவில்லை.

மறுநாள் 380 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். காயிலின் இரண்டு ஒயர்களையும் கழற்றிவிட்டு, இரு முனைகளுக்கும் நடுவே ஓம் அளந்தால் 2.0 என்று காட்டியது. மீட்டரின் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தால் அதுவே 0.4 காட்டியது, அதைக் கழிக்க வேண்டும் என்பதைப் பெரியவர்தான் சொல்லிக்கொடுத்தார். மீதி 1.6 ஓம். 12.6 வோல்ட் பாட்டரியில் அது ஏறத்தாழ 8 ஆம்பியர் இழுக்கும். கடையில் அளந்து பார்த்த புதிய 12 வோல்ட் காயில், கழித்தது போக 3.7 ஓம் காட்டியது, அது 3.4 ஆம்பியர்தான் இழுக்கும். இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட மின்னோட்டத்தைத்தான் அந்தச் சிறு பொட்டுகள் ஒவ்வொரு முறையும் துண்டித்துக்கொண்டிருந்தன. எரிந்ததில் வியப்பில்லை.

பழைய காயிலைக் கழற்ற ஒரு மணி நேரம் ஆனது. வேலை கடினம் என்பதால் அல்ல, அதைச் சுற்றி மூன்று அடுக்கு இன்சுலேஷன் டேப் சுற்றப்பட்டிருந்ததால். அடிப்பக்கத்தில் தார் போன்ற கறுப்புப் பசை உருகி வழிந்து, பட்டையோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் உடலைத் துடைத்துக்கொண்டே வந்தேன். டேப்பின் பசை போய், அதற்கடியில் பழைய துரு போய், கடைசியில் தகட்டில் அச்சடித்த எழுத்து தெரிந்தது: 6 வோல்ட். விளக்கு, ஹாரன், பாட்டரி எல்லாவற்றையும் மாற்றிய கை, இந்த ஒன்றை மாற்றாமல் டேப்பைச் சுற்றி விட்டுவிட்டிருந்தது. கட்டைவிரலை அந்த எழுத்தின் மேல் வைத்தபடி நான் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு நாளும் எரிந்துகொண்டிருந்த பொருளைத்தான் நான் மாற்றிக்கொண்டே இருந்தேன். எரித்துக்கொண்டிருந்த பொருள் ஒரு சாண் தூரத்தில் டேங்க்குக்கு அடியில் இருந்தது.

புதிய காயில் 650 ரூபாய். ‘எஸ்.டபிள்யூ.’ என்ற முனைக்குச் சாவியிலிருந்து வரும் ஒயர், ‘சி.பி.’ என்ற முனைக்குப் பாயிண்ட்டுக்குப் போகும் ஒயர். பழைய ஒயர்களின் முனைகள் பச்சை பூத்திருந்ததால் அரை அங்குலம் வெட்டிவிட்டு, புதிய லக் வைத்து ஈயம் பற்றவைத்தேன். சாவியைப் போட்டதும் முள் முன்பு விழுந்ததில் பாதித் தூரம்கூட விழவில்லை. புதிய பாயிண்ட்டும் போட்டு, 0.38 இடைவெளி வைத்து, எல்லாம் முடிந்தது என்று நினைத்து மிதித்தேன்.

கிக்கர் திருப்பி அடித்தது. வலது கணுக்காலுக்கு மேலே பட்டு, இரண்டு நாட்கள் நொண்டி நடந்தேன். பாயிண்ட்டை மாற்றினால், இடைவெளியை மாற்றினால், பொறி பிறக்கும் நேரமான டைமிங்கும் நகரும் என்பதை மறந்து, பாயிண்ட் பொருந்தியிருக்கும் பேஸ் பிளேட்டை ஏறத்தாழக் கண் அளவில் வைத்திருந்தேன். பொறி மிகவும் முன்கூட்டியே பிறந்துவிட்டது. வலி குறைந்ததும் முறையாக உட்கார்ந்தேன். இந்த வண்டிக்குப் பொறி பிறக்க வேண்டிய இடம், வேகம் கூடக் கூடப் பொறியை முன்கூட்டித் தரும் அட்வான்ஸ் அமைப்பு முழுதும் பின்வாங்கிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மி.மீ. இருக்கும்போது. டேப்பெட் மூடியைத் திறந்து, வால்வுகளை இயக்கும் இரண்டு புஷ் ராடுகளும் விரலால் உருட்டினால் சுழலும் நிலையில் இருப்பதைப் பார்த்து, அது அமுக்க ஸ்ட்ரோக் என்று உறுதி செய்துகொண்டேன். அந்த ராடுகள் மேலும் கீழும் ஆடாமல், ஆனால் தடையில்லாமல் சுழல வேண்டும். அதுவே டேப்பெட்டின் அளவும்.

பிளக் துளை வழியாக ஒரு சைக்கிள் ஸ்போக்கை விட்டு, அது உள்ளே விழுந்துவிடாதபடி மேலே வளைத்து, டாப் கியரில் பின்சக்கரத்தைக் கையால் உருட்டி உச்சியைக் கண்டுபிடித்தேன். ஒரு சிறிய 12 வோல்ட் பல்பின் ஒரு ஒயரைப் பாயிண்ட்டிலும் மற்றொன்றை இன்ஜின் உடலிலும் பிடித்தால், பாயிண்ட் திறக்கும் கணத்தில் பல்ப் எரியும். சக்கரத்தை எப்போதும் முன்னோக்கி உருட்டியே அந்த இடத்துக்கு வர வேண்டும். பின்னோக்கி வந்து நிறுத்தினால் பல்சக்கரங்களின் தளர்ச்சி கணக்கில் சேர்ந்து அளவு பிசகும். பிளக் துளை சாய்வாக இருப்பதால் ஸ்போக்கில் அளக்கும் 0.8 மி.மீ. துல்லியமானதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதை ஒரு தொடக்கமாக வைத்து, ஏற்றத்தில் ஓட்டி, இன்ஜின் தட்டினால் பிளேட்டை மயிரிழை பின்னுக்குத் தள்ளி, இழுவை மந்தமானால் மயிரிழை முன்னுக்குத் தள்ளித்தான் முடிவுக்கு வந்தேன்.

இதைச் செய்யும்போதுதான் பல்ப் ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு இடத்தில் எரிவதைக் கண்டேன். பிளேட்டைக் கழற்றி அட்வான்ஸ் யூனிட்டைப் பார்த்தால், பழைய கிரீஸ் மெழுகாகக் காய்ந்து, இரண்டு எடைகளில் ஒன்று பாதி விரிந்த நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது; ஒரு ஸ்பிரிங் இழுபட்டுத் தொளதொளத்திருந்தது. ஆக, கிக்கர் திருப்பி அடித்ததற்கு என் கண் அளவு மட்டும் காரணமல்ல. மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊறவைத்து, துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, 60 ரூபாய்க்கு ஸ்பிரிங் ஜோடியை மாற்றினேன். கேமைக் கையால் திருகிவிட்டால் இப்போது தானாகவே ‘டக்’ என்று திரும்பி உட்காருகிறது. அதன் பிறகு வைத்த டைமிங் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் நின்றது.

சோதனையை ஒரேயடியாக மலையில் வைக்கவில்லை. முதல் நாள் மோகனூர் வரை போய்க் காவிரிக் கரையில் நிறுத்திக் காயிலைத் தொட்டேன். அடுத்த வாரம் திருச்செங்கோடு போய்வந்தேன். 500 கிலோமீட்டர் ஆனதும் பாயிண்ட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன்: இரண்டு பொட்டுகளும் சாம்பல் நிறத்தில், மேடும் குழியும் இல்லாமல், போட்ட அன்று இருந்தது போலவே இருந்தன. அதன் பிறகுதான் கொல்லிமலை.

வீணான செலவைத் தனியாகக் கூட்டிப் பார்த்தேன். டேங்க் மூடி 180, கார்புரேட்டர் கிட் 420, மூன்று கண்டன்சர்கள் 270, இரண்டு பாயிண்ட் செட்டுகள் 320, இரண்டு பிளக்குகள் 220, பட்டறைக் கூலி 500. மொத்தம் 1,910 ரூபாய். உண்மையில் வேண்டியிருந்தது காயில் 650, ஒரு பாயிண்ட் 160, ஸ்பிரிங் 60, ஆக 870 ரூபாய்தான். கருவிகளுக்கு 1,670 ரூபாய் ஆனது. அதை நான் செலவில் சேர்க்கவில்லை, அவை என்னோடு இருக்கும். லாரி ஒயரிங் பெரியவர் காசு வாங்க மறுத்துவிட்டார். மல்டிமீட்டரைக் கொண்டுபோய்க் காட்டியபோது மகிழ்ந்தார்.

இந்த வேலையை மறுபடி தொடங்கினால் வரிசையை முற்றிலும் மாற்றுவேன். எதையும் வாங்குவதற்கு முன் காயிலின் ஓம், பாட்டரியின் வோல்ட், பாயிண்ட் மூடியிருக்கும்போது அதன் இரு முனைகளுக்கு நடுவே இருக்கும் வோல்ட் ஆகிய மூன்றையும் அளந்து ஒரு நோட்டில் எழுதுவேன். பத்து நிமிட வேலை. கழற்றும் ஒவ்வொரு திருகின் சுற்றையும் எண்ணி எழுதுவேன். வழியில் நின்றால் முதலில் சாவியை அணைப்பேன். வண்டியின் பெட்டியில் இப்போது ஃபீலர் கேஜ், மெல்லிய அரம், இரண்டு விசிட்டிங் கார்டுகள், டெஸ்ட் பல்ப், ஒரு கண்டன்சர், ஸ்போக் ஆகியவை இருக்கின்றன; பிளக் மட்டும் வைத்திருந்த காலம் போய்விட்டது.

ஒரு வேலை மீதி இருக்கிறது. பாயிண்ட்டின் கேமைச் சுழற்றும் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைப் பக்கவாட்டில் ஒரு பக்கம் தள்ளி அளந்தால் பாயிண்ட் இடைவெளி 0.40, மறுபக்கம் தள்ளினால் 0.32. தண்டைத் தாங்கும் உலோக வளையமான புஷ் தேய்ந்திருக்கிறது. வண்டி இப்போதைக்கு ஓடும், ஆனால் அந்த 0.08 என் கண்ணை உறுத்துகிறது. தண்டு, ஹவுசிங் இரண்டையும் சேர்த்துக் கொண்டுவந்தால், தண்டின் தேய்மானத்தையும் மைக்ரோமீட்டரில் பார்த்து, கன்மெட்டலில் புஷ் கடைந்து தருவதாகச் சேலம் சாலை லேத் பட்டறைக்காரர் சொல்லியிருக்கிறார். கூலி 400 ரூபாய். வரும் ஞாயிறு டைமிங் மூடியைக் கழற்றுகிறேன்; பேக்கிங் தாள் வாங்கி வைத்துவிட்டேன்.